நாற்பது பி.எஸ்.ஐ.: நெருப்பெரிச்சலில் ஒரு கியர் சைக்கிளின் காற்றுக் கணக்கு

26 × 1.95 அளவுள்ள கியர் சைக்கிள் டயருக்குள் ஏறத்தாழ 3.2 லிட்டர் இடம் இருக்கிறது. அதை 40 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்கு நிரப்ப, வெளிக்காற்றில் 9 லிட்டரை உள்ளே தள்ள வேண்டும். ஒரு அடிக்கு 300 மில்லி தள்ளும் பம்பு என்றால் 30 அடி. உள்ளே அடைபட்ட மொத்தக் காற்றின் எடை 14 கிராம். ஆள் 70 கிலோ, சைக்கிள் 16 கிலோ, ஆக 86 கிலோவை இரண்டு டயரிலுமாக 28 கிராம் காற்று சுமக்கிறது. சைக்கிளில் காசில்லாமல் கிடைக்கும் பாகம் இது ஒன்றுதான். சரியாக அளந்து வைக்கப்படாத பாகமும் இதுதான்.

கடைக்குப் போகிறவர்கள் 21 கியரா, 7 கியரா, டிஸ்க் பிரேக்கா, முன்னால் ஷாக் இருக்கிறதா என்றெல்லாம் கேட்கிறார்கள். டயரின் பக்கச் சுவரில் என்ன எழுதியிருக்கிறது என்று குனிந்து பார்ப்பவர் குறைவு. 12,000 ரூபாய் சைக்கிள் எப்படி ஓடும் என்பதைத் தீர்மானிப்பதில் அந்த எழுத்துக்கும் உள்ளிருக்கும் 28 கிராமுக்கும் உள்ள பங்கு, 21 கியருக்கு இல்லை. இதை எண்களை வைத்தே காட்ட முடியும்.

முதலில் சாலை. நெருப்பெரிச்சலில் வீடு, பி.என். ரோட்டுப் பக்கம் பனியன் கம்பெனி, போக 6 கி.மீ., வர 6 கி.மீ. என்று எடுத்துக்கொள்வோம். 2011இல் திருப்பூர் மாநகராட்சியோடு சேர்க்கப்பட்ட ஊராட்சிகளில் நெருப்பெரிச்சலும் ஒன்று. பிரதான சாலை தார், தெருக்கள் பெரும்பாலும் கான்கிரீட், கடைசி வளைவுகளில் இன்னும் மண். இந்த 12 கிலோமீட்டரில் தார் 9, கான்கிரீட் 2, மண் 1 என்று பிரித்தால் 75, 17, 8 சதவீதம். ஆனால் கியர் சைக்கிள் என்று விற்கப்படுவதில் பெரும்பாலும் மாட்டி வருவது பட்டன் டயர். 8 சதவீத மண்ணுக்காகச் செய்த டயரைப் போட்டுக்கொண்டு 92 சதவீதம் கெட்டித் தரையில் மிதிக்கிறோம்.

அதன் விலை என்ன? டயர் உருளும்போது தரையோடு ஒட்டும் இடம் நசுங்கி, விலகும்போது நிமிர்கிறது. நசுக்கச் செலவான சக்தி முழுவதும் திரும்பக் கிடைப்பதில்லை, கொஞ்சம் சூடாகப் போய்விடுகிறது. பட்டன்கள் தாரில் ஒவ்வொன்றாக வளைந்து நிமிர்வதால் அங்கே இழப்பு அதிகம். உருளும் தடையைச் சாதாரண பட்டன் டயருக்கு 0.012 என்றும், நடுப்பகுதி வழவழப்பாக ஓரத்தில் மட்டும் பட்டன் உள்ள டயருக்கு 0.007 என்றும் கொள்வோம். 86 கிலோவுக்குப் பின்னிழுப்பு முதலாவதில் 1.03 கிலோ, இரண்டாவதில் 0.60 கிலோ. மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் 42 வாட், 25 வாட். அந்த வேகத்தில் எதிர்காற்றை வெட்டிப் போகவே 25 வாட் அளவுதான் ஆகும். அதாவது பட்டன் டயர் போட்டவர் காற்றோடு மல்லுக்கட்டுவதைவிட டயரோடு அதிகமாக மல்லுக்கட்டுகிறார். ஒரு நாள் 12 கிலோமீட்டருக்கு இந்த வித்தியாசம் உடலில் சுமார் 50 கலோரி. ஒரு இட்லி. ஒன்றரை ஷிப்ட் முடித்து ராத்திரி எட்டரைக்கு வெளியே வருகிறவருக்கு அந்த ஒரு இட்லி சின்ன விஷயமில்லை.

என் கணிப்பில், வாரத்தில் ஆறு நாள் தாரில் போகிறவருக்குப் பட்டன் டயர் தேவையே இல்லை. ஓரப் பட்டன் போதும். ஐப்பசி மழையில் தெரு சேறானாலும் முன் டயரின் ஓரம் பிடித்துக்கொள்ளும்.

இந்த 26 அங்குலம் எங்கிருந்து வந்தது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. அமெரிக்காவில் ஷ்வின் நிறுவனம் 1933இல் 26 × 2.125 அளவில் தடித்த பலூன் டயரைக் கொண்டுவந்தது. அதே அளவுப் பழைய சைக்கிள்களை எடுத்துக்கொண்டு கலிபோர்னியாவின் ஃபேர்ஃபாக்ஸ் மலைச்சரிவில் ஓட்டிப் பார்த்தவர்கள் 1976 அக்டோபர் 21இல் நடத்திய பந்தயம்தான் மலை சைக்கிள் விளையாட்டின் தொடக்கமாகப் பேசப்படுகிறது. டயர் தடிமனாக இருந்ததால் காற்றைக் குறைக்க முடிந்தது, காற்றைக் குறைக்க முடிந்ததால் கல்லில் இறங்க முடிந்தது. மலை சைக்கிள் பிறந்ததே காற்றைக் குறைத்ததில்தான் என்று சொல்லலாம்.

டயர் மாற்றும்போது அங்குலத்தை நம்பக் கூடாது. ரிம்மில் உட்காரும் விட்டத்தை மில்லிமீட்டரில் பார்க்க வேண்டும். 24 அங்குலச் சிறுவர் கியர் சைக்கிளுக்கு 507, 26க்கு 559, 27.5க்கு 584, 29க்கு 622. இவை டயரில் 50-559 என்பது போலச் சின்ன எழுத்தில் இருக்கும். முதல் எண் அகலம், இரண்டாவது விட்டம். 26 × 1⅜ என்று பின்னத்தில் எழுதிய டயரின் விட்டம் 590. கியர் சைக்கிள் 559இல் அதைப் போட்டால் 31 மில்லிமீட்டர் தொளதொளக்கும். இன்னும் மோசம் 26 × 1.75, 26 × 1¾ இரண்டும். பள்ளிக்கூடக் கணக்கில் இரண்டும் சமம், ரிம்மில் முதலாவது 559, அடுத்தது 571. புள்ளி வைத்து எழுதியதும் பின்னத்தில் எழுதியதும் ஒன்றுக்கொன்று சேராது.

இனி டயரின் துணி. இதைத் திருப்பூர்க்காரருக்கு விளக்குவது எளிது. டயர் என்பது ரப்பர் என்று நினைக்கிறோம். பாரத்தைத் தாங்குவது உள்ளே இருக்கும் நைலான் இழைகள். ரப்பர் அந்த இழைகளைக் கட்டிப் பிடித்து, தேய்மானத்தை ஏற்றுக்கொள்கிறது, அவ்வளவுதான். டன்லப் 1888இல் பெல்பாஸ்டில் காற்று டயர் செய்தபோது நெய்த துணியைத்தான் பயன்படுத்தினார். பாவும் ஊடும் குறுக்கே போகும் துணி நசுங்கி நிமிர்ந்துகொண்டே இருந்தால் இழை இழையை அறுக்கும். அதனால் பிறகு ஊடு இழையே இல்லாமல், ஒரே பக்கமாகப் படுத்த இழைகளை ரப்பரில் தோய்த்து, ஒரு அடுக்கு வலப்பக்கச் சாய்வு, அடுத்த அடுக்கு இடப்பக்கச் சாய்வு என்று அடுக்கும் முறை வந்தது. இன்றைய சைக்கிள் டயர் அதுதான். நெசவும் இல்லை, பின்னலும் இல்லை.

ஒரு அங்குலத்துக்கு எத்தனை இழை என்பதை டி.பி.ஐ. என்று குறிக்கிறார்கள். மலிவு டயர் 27 அல்லது 30, நடுத்தரம் 60, உயர்தரம் 120. 25.4 மில்லிமீட்டரை வகுத்துப் பார்த்தால், 27இல் ஒரு இழைக்கு 0.94 மி.மீ. இடம், 60இல் 0.42, 120இல் 0.21. நூலில் 20ஆம் கவுண்டைவிட 40ஆம் கவுண்ட் மெல்லியது என்று பனியன் தொழிலில் இருக்கும் யாருக்கும் தெரியும், அதே தர்க்கம் இங்கேயும். இழை மெல்லியதானால் துணி இளகும், நசுங்கி நிமிர்வதில் இழப்பு குறையும், எடையும் குறையும். 26 × 1.95இல் கம்பி விளிம்புள்ள 30 டி.பி.ஐ. டயர் 700 முதல் 800 கிராம் வரும். மடித்து வைக்கக்கூடிய 120 டி.பி.ஐ. டயர் 500, 600 கிராமில் முடியும். ஆனால் மெல்லிய துணி பக்கவாட்டில் கல் உரசினால் சீக்கிரம் கிழியும். 120 ஜி.எஸ்.எம். துணியில் வேலைக்குப் போடும் சட்டை தைக்க மாட்டோம் இல்லையா? இந்தப் பக்கத்துச் சாலைகளுக்கு 60 டி.பி.ஐ. போதும் என்பது என் முடிவு. ஒரு எச்சரிக்கை: சில நிறுவனங்கள் மூன்று அடுக்கின் இழையையும் கூட்டி எண்ணுகின்றன. 60 இழையில் மூன்று அடுக்கு 180 ஆகிவிடும். அடுக்கு எத்தனை என்று கேட்டு வகுத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது காற்று. கட்டுரையில் நான் அதிக இடம் கொடுக்க விரும்புவது இதற்குத்தான்.

பஞ்சர் கடை ஒன்றில் மாலை நேரம் நின்றால் இந்தப் பேச்சு காதில் விழும்.

“அண்ணா, கல்லு மாதிரி அடிச்சு உடுங்கண்ணா.”

“எத்தன பாயிண்ட்டுங் கண்ணு?”

“கல்லு மாதிரிங்ணா, அவ்ளோதான்.”

கடைக்காரர் கம்ப்ரசர் குழாயை வைக்கிறார், கட்டைவிரலால் டயரை அழுத்திப் பார்க்கிறார், சைக்கிள் போகிறது. கட்டைவிரல் 15க்கும் 30க்கும் வித்தியாசம் சொல்லும். 40க்கும் 60க்கும் சொல்லாது. இரண்டும் விரலுக்குக் கல்தான்.

தரை சொல்லும். 1 பி.எஸ்.ஐ. என்பது சதுர சென்டிமீட்டருக்கு 0.07 கிலோ. டயர் தரையைத் தொடும் பரப்பு, மேலே இருக்கும் பாரத்தை அழுத்தத்தால் வகுத்தால் ஏறக்குறையக் கிடைத்துவிடும். 86 கிலோவில் பின்சக்கரம் 60 சதவீதம், அதாவது 51.6 கிலோ வாங்குகிறது. 25 பி.எஸ்.ஐ.யில் அதன் தரைத்தொடர்பு 29 சதுர செ.மீ. 30இல் 24. 40இல் 18. 60இல் 12. கல்லு மாதிரி அடித்த பையன் 40இல் இருந்து 60க்குப் போய், தன் பிடிமானப் பரப்பில் மூன்றில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்திருக்கிறான். அதற்கு ஈடாக அவன் நினைத்த வேகமும் கிடைக்காது. கண்ணாடி போன்ற தரையில்தான் அழுத்தம் கூடக்கூட ஓட்டம் இலகுவாகும். பைப் பதித்து மூடிய வெட்டும், ஜல்லி பெயர்ந்த ஒட்டும், அடுத்தடுத்த வேகத்தடையும் உள்ள சாலையில் கடினமான டயர் ஒவ்வொரு மேட்டிலும் சைக்கிளையும் ஆளையும் சேர்த்துத் தூக்கிப் போடுகிறது. தூக்குவதற்கான சக்தி காலில் இருந்துதான் வர வேண்டும்.

எவ்வளவுதான் சரி? அமெரிக்கப் பொறியாளர் ஃப்ராங்க் பெர்ட்டோ டயர்களை அளந்து சொன்ன ஒரு விதி நடைமுறையில் கைகொடுக்கிறது: ஆள் ஏறி உட்கார்ந்தால் டயரின் உயரத்தில் 15 சதவீதம் தாழ வேண்டும். 1.95 அங்குலம் என்பது 49.5 மி.மீ. அதில் 15 சதவீதம் 7.4 மி.மீ. இதை அளக்க இந்த ஊரில் கருவி வாங்க வேண்டியதில்லை, வீட்டுக்கு ஒரு இஞ்ச் டேப் இருக்கிறது. சுவரோரம் சைக்கிளை நிறுத்தி, தரையில் இருந்து ரிம்மின் விளிம்பு வரை அளந்துகொள்ளுங்கள். ஏறி உட்கார்ந்து ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் அதே இடத்தை மறுபடி அளக்கட்டும். 7, 8 மி.மீ. குறைந்தால் சரி. 3 மி.மீ. மட்டும் குறைந்தால் காற்று அதிகம். 12 போனால் காற்று போதாது.

காற்றுமானி இருந்தால் இன்னும் எளிது. 70 கிலோ ஆளுக்குப் பின்னால் 40, முன்னால் 36 என்று தொடங்கலாம். பின்சக்கரத்து 51.6 கிலோவுக்கு 40 என்றால், கிலோவுக்கு 0.775 பி.எஸ்.ஐ. இதை வைத்து யாருக்கும் போடலாம். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்குச் சைக்கிளோடு 71 கிலோ, பின்பாரம் 42.6, காற்று 33. 85 கிலோ ஆளுக்கு மொத்தம் 101, பின்பாரம் 60.6, காற்று 47. முன்சக்கரத்துக்கு இதே வகுத்தலைப் போட்டால் மிகக் குறைவாக வரும். பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னால் சாய்வதால், பின்னாலிருப்பதில் 10 சதவீதம் மட்டும் குறைத்தால் பாதுகாப்பு.

கேரியர் மாட்டியவர்களுக்குத் தனிக் கணக்கு. டீ-சர்ட் ஒன்று 160 கிராம் என்றால், ஜாப் ஒர்க்குக்குக் கொண்டுபோகும் 100 பீஸ் கட்டு 16 கிலோ. அது முழுக்கப் பின்சக்கரத்தின் மேல்தான் விழுகிறது. 51.6 உடன் 16 சேர்ந்து 67.6, காற்று 52. ஆக 100 பீஸுக்கு 12 பி.எஸ்.ஐ. கூட்ட வேண்டும், 50 பீஸுக்கு 6. கட்டை இறக்கியதும் திரும்பக் குறைக்க வேண்டும். 200 பீஸ் ஏற்றினால் 65ஐத் தொடும். பல 1.95 டயர்களின் பக்கச் சுவரில் 40–65 என்றுதான் அச்சிட்டிருக்கும். அந்த 65 மேல் வரம்பு. அங்கே போய் நிற்பதைவிட இரண்டு நடை போவது நல்லது.

குறைவாக வைத்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். கான்கிரீட் தெருவின் விளிம்பிலோ பள்ளத்திலோ சக்கரம் இடிக்கும்போது டயர் முழுதாக நசுங்கி, டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது. ரிம்முக்கு இரண்டு விளிம்பு என்பதால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். தண்ணீர்த் தட்டில் டியூப்பை அமுக்கும்போது குமிழி இரண்டு வரிசையாக வந்தால் முள்ளைத் தேட வேண்டாம், காற்று குறைந்துதான் போயிருக்கிறது. இந்த வகைப் பஞ்சரை முழுக்கத் தடுக்கலாம். பியூட்டைல் டியூப் எதுவானாலும் வாரத்துக்கு இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. தானாகவே இறங்கும். இரண்டு மாதம் பார்க்காமல் விட்டால் 40 என்று வைத்தது 20 ஆகியிருக்கும்.

பழைய ரோட்ஸ்டர் சைக்கிளில் இந்த அளவையெல்லாம் எளிதில் எடுக்க முடியாது. வால்டியூப் போட்ட வால்வில் ரப்பர் உறை காற்றை உள்ளே விடும், வெளியே விடாது. மானியை வைத்தாலும் உள்ளிருப்பது தெரியாது. கியர் சைக்கிளில் மோட்டார் சைக்கிள் போன்ற வால்வே இருப்பதால் எந்த மானியும் பொருந்தும். இந்த வசதியைக் கையில் வைத்துக்கொண்டு விரலால் அமுக்கிப் பார்ப்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. ஆனால் ஒன்று: பெட்ரோல் பங்க் கம்ப்ரசர் பெரிய டயர்களுக்கானது. 3 லிட்டர் டியூப்பை அது நொடிகளில் நிரப்பிவிடும். விட்டு விட்டு அடித்து, இடையிடையே அளக்கச் சொல்ல வேண்டும்.

வெயிலில் நிறுத்தினால் டயர் வெடிக்கும் என்று சித்திரையில் காற்றைப் பாதியாக்கி ஓட்டுகிறவர்கள் உண்டு. காலையில் 25 டிகிரியில் 40 வைத்த டயர், மதியம் 40 டிகிரியில் 42.7 ஆகும். கம்பெனி வாசலில் வெயிலில் காய்ந்து டயரே 60 டிகிரிக்குச் சூடானாலும் 46.4தான். 65 வரை தாங்கும் டயருக்கு இது ஒன்றுமில்லை. வெடிப்பது எதனால் என்றால், ஏற்கெனவே 60க்கு மேல் ஏற்றியிருப்பது, சூட்டில் பழைய ஒட்டு இளகுவது, டயரின் விளிம்பு ரிம்மில் சரியாக உட்காராமல் இருப்பது. சூட்டுக்குப் பயந்து காற்றைக் குறைத்தால் இரட்டை ஓட்டைதான் மிச்சம்.

ஊட்டிக்குச் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போகிறவர்களுக்கும் ஒரு வரி. 2,240 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் இங்கிருப்பதைவிட 3 பி.எஸ்.ஐ. குறைவு, அதனால் டயர் அந்த அளவு கடினமாகும். ஆனால் 35 டிகிரியில் இருந்து 15 டிகிரிக்குக் குளிர்வதில் அதே அளவு போய்விடும். இங்கே வைத்த 40 அங்கே 39.5 காட்டும். தொட வேண்டாம்.

மண் பக்கம் வருவோம். நெருப்பெரிச்சல் கிராமமும் சர்க்கார் பெரியபாளையமும் பகிர்ந்துகொள்ளும் நஞ்சராயன் குளம் 125.86 ஹெக்டேர், 2024 ஆகஸ்டில் ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பக்கமும், ஊத்துக்குளி வரைக்கும் இட்டேரிகளிலும் ஓட்டுவதற்கு இதைவிட நல்ல நிலம் தேவையில்லை. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் வண்டித்தடம், மேலே செம்மண் பொடி. இங்கே 70 கிலோ ஆள் பின்னால் 32, முன்னால் 29 என்று 20 சதவீதம் இறக்கலாம். பட்டன் டயருக்கு வேலை இருப்பதும் இங்கேதான்.

முள்ளுக்கும் இங்கேதான் வேலை. கிளுவையின் கிளை நுனியே முள். வெள்வேலாம் முள் நேராக நீண்டது. சீமைக்கருவேல முள் காய்ந்த பிறகும் கூர்மை குறையாது. எல்லாவற்றிலும் கெட்டிக்காரன் நெருஞ்சி. காய் முற்றியதும் ஐந்து துண்டாக உடையும், ஒவ்வொரு துண்டிலும் இரண்டு பெரிய முள், எப்படி விழுந்தாலும் ஒன்று மேல் நோக்கி நிற்கும். பட்டன்களுக்கு இடைப்பட்ட பள்ளத்தில் டயரின் கனம் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். முள் அதைவிட நீளம். காற்றைக் கூட்டியோ குறைத்தோ இதைத் தடுக்க முடியாது.

முடிவது ஒன்று: குத்திய முள்ளை மறுபடி குத்தவிடாமல் எடுப்பது. டியூப்பை ஒட்டிவிட்டு டயருக்குள் விரலை ஓட்டித் தேடுவார்கள், முறிந்த நுனி விரலுக்கு அகப்படாது, அரை கிலோமீட்டரில் மறுபடி காற்று இறங்கும். திருப்பூரில் இதற்குக் கைவசம் இருப்பது பனியன் வேஸ்ட். ஒரு துண்டைக் கையில் பிடித்து டயரின் உட்புறம் முழுக்க ஒரு சுற்று துடைத்தால், அரை மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும் நுனியிலும் பின்னல் கண்ணி மாட்டி இழுபடும். அந்த இடத்தில் வெளியிலிருந்து முள்ளைப் பிடுங்க வேண்டும். ஏற்றுமதிக் கம்பெனிகளில் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் பொறுக்கி நோட்டில் ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி கிடைக்கும். அந்தக் கவனத்தில் பாதி போதும்.

வாரா வாரம் இட்டேரியில் ஓட்டுகிறவருக்கு டியூப் இல்லாத டயர் உண்மையிலேயே பயன்படும். 1999இல் மாவிக் நிறுவனம் கொண்டுவந்த முறை இது. டயருக்குள் 60 முதல் 120 மில்லி வரை அடைப்புத் திரவம் இருக்கும், முள் ஓட்டையை அதுவே மூடிவிடும். டியூப் இல்லாததால் நசுங்கிய பஞ்சரும் இல்லை, காற்றை இன்னும் இறக்கலாம். ஆனால் அதற்கேற்ற ரிம் வேண்டும், நம் வெயிலில் திரவம் சில மாதங்களில் காய்ந்துவிடும். வேலைக்குப் போகிற சைக்கிளுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கடைசியாகப் பணம். விலைகளை முழு எண்ணாக எடுத்துக்கொள்கிறேன், கடைக்குக் கடை கொஞ்சம் முன்பின் இருக்கும். பட்டன் டயர் 500, ஓரப் பட்டன் டயர் 650, டியூப் 180, பஞ்சர் ஒட்ட 40, மானியோடு கூடிய பம்பு 1,200 ரூபாய். மாதம் 26 நாள், நாளுக்கு 12 கி.மீ., ஆண்டுக்கு 3,744 கி.மீ. பின் டயர் ஆண்டுக்கு ஒன்று, முன் டயர் இரண்டு ஆண்டுக்கு ஒன்று.

விரலால் அமுக்கிப் பார்க்கிறவர்: டயர் 750, டியூப் மூன்று 540, பஞ்சர் பன்னிரண்டு 480. மொத்தம் 1,770 ரூபாய், கிலோமீட்டருக்கு 47 காசு. அளந்து வைக்கிறவர்: டயர் 975, டியூப் ஒன்று 180, பஞ்சர் ஐந்து 200, ஐந்து ஆண்டு உழைக்கும் பம்பின் ஓராண்டுப் பங்கு 240. மொத்தம் 1,595, கிலோமீட்டருக்கு 43 காசு. பன்னிரண்டு பஞ்சரில் ஏழு நசுங்கி வந்தவை என்று கொண்டு போட்ட கணக்கு இது. மிச்சம் வெறும் 175 ரூபாய். இதைப் பெரிய சேமிப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் காலை எட்டரை ஷிப்டுக்குப் போகும் வழியில் விழாமல் போன ஏழு பஞ்சர் என்பது வேறு கணக்கு. எட்டு மணி நேர ஷிப்டுக்கு 600 ரூபாய் என்றால் அரை மணி 37.50. ஏழு தடவைக்கு 262. சனிக்கிழமைச் சம்பளக் கவரில் அது தெரியும்.

2,500, 3,000 ரூபாய்க்கு வெளிநாட்டு டயர் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். ஜோடி 6,000, சைக்கிளின் பாதி விலை. தாரில் போகிறவருக்கு வேண்டாம். ஞாயிறு இட்டேரிக்காரர் ஆசைப்பட்டால் முன்னால் மட்டும் ஒன்று போடட்டும், வழுக்கினால் ஆளைக் கீழே தள்ளுவது முன்சக்கரம்தான். வரியிலும் ஒரு மிச்சம் இருக்கிறது. சைக்கிள் டயருக்கும் டியூப்புக்கும் ஜி.எஸ்.டி. முன்பிருந்தே 5 சதவீதம். முழுச் சைக்கிளுக்கு இருந்த 12 சதவீதம் 2025 செப்டம்பர் 22 முதல் 5 ஆனது. வரிக்கு முன் 10,000 ரூபாய் சைக்கிளில் இது 700 ரூபாய். ஒரு ஓரப் பட்டன் டயர் அதில் வந்துவிடும்.

பம்பு வாங்க 1,200 ரூபாய் ஒரே தடவையில் கஷ்டம் என்பவர்கள் நிறைய. எட்டு லைன் வீடு சேர்ந்து ஒன்று வாங்கினால் வீட்டுக்கு 150. அதைவிட நல்ல இடம் கம்பெனி வாசல். 40 சைக்கிள் நிற்கும் ஸ்டாண்டில், வாட்ச்மேன் ரூம் பக்கத்தில் மானியோடு ஒரு நல்ல பம்பு 1,500 ரூபாய்க்கு வைத்தால் சைக்கிளுக்கு 37 ரூபாய் 50 காசு. ஒரு பஞ்சர் ஒட்டும் கூலியைவிடக் குறைவு. சுவரில் மூன்று வரி எழுதி ஒட்டினால் போதும்: 55 கிலோவுக்கு 33, 70க்கு 40, 85க்கு 47. நெருப்பெரிச்சலில் இருந்தும் வாவிபாளையத்தில் இருந்தும் ஆள் வரும் எந்தக் கம்பெனியும் வருகிற சனிக்கிழமையே இதைச் செய்யலாம்.